"வெளியிடுவதற்கு அல்ல" என்று எழுதிய தீர்ப்பு

வாசகர் கேள்வி – பதில்

(இந்த மாதக் கேள்விகளுக்குப் பதில் எழுதுபவர், மட்டக்களப்பில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக 31 வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவர். கல்லடியில் வசிக்கிறார்.)

கேள்வி: என் மகன் கலிபோர்னியாவில் இருக்கிறான். அவனுடைய அகதி வழக்கு தோற்றுப்போய் மேன்முறையீடு செய்திருந்தான். போன மாதம் தீர்ப்பு வந்தது. மனுவை ஏற்று, திரும்பவும் விசாரிக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்களாம். கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்தேன். மறுகா அவன் போனில் அனுப்பிய முதல் பக்கத்தைப் பக்கத்து வீட்டு ரீச்சர் வாசித்துவிட்டு, "மேலேயே 'வெளியிடுவதற்கு அல்ல' என்று போட்டிருக்கு, இது முன்தீர்ப்பு இல்லை என்று அடியிலும் எழுதியிருக்கு" என்றார். அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. இது அரைகுறைத் தீர்ப்பா? ஒளித்து வைக்கிறார்களா? நாளைக்கு இல்லையென்று சொல்லிவிடுவார்களா?

– ஒரு தாய், திருக்கோவில்

பதில்: அம்மா, முதலில் நித்திரை கொள்ளுங்கள். உங்கள் மகனுக்குக் கிடைத்தது முழுத் தீர்ப்பு. அதில் ஒரு குறையும் இல்லை.

நீங்கள் கடிதத்தோடு வைத்த பிரதி என் மேசையில் இருக்கிறது. மேலே "வெளியிடுவதற்கு அல்ல". வலப்பக்கம் கோப்பில் சேர்த்த திகதியோடு நீதிமன்ற முத்திரை. நடுவில், கலிபோர்னியா அடங்கிய பகுதிக்குரிய ஒன்பதாம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் பெயர். அதன் கீழே மகனின் பெயர், எதிராளியாக அமெரிக்கச் சட்டமா அதிபர். பிறகு "மெமோராண்டம்" என்று ஒரு சொல், அதன் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம். ரீச்சர் வாசித்த அடிக்குறிப்பு அந்த நட்சத்திரத்துக்கு உரியது. இந்தத் தீர்ப்பு வெளியிட ஏற்றதல்ல, நீதிமன்றத்தின் 36-3ஆம் விதி சொல்லும் அளவுக்கு மேல் முன்தீர்ப்பாகாது, அதாவது பிறகு வரும் மற்ற வழக்குகளைக் கட்டாது என்பது அதன் பொருள். அந்த வசனத்தை உங்கள் மகனுக்காக யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. அந்த நீதிமன்றத்தின் இந்த வகைத் தீர்ப்புகள் எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே வசனம் அச்சாகி வரும்.

"வெளியிடுதல்" என்ற சொல்தான் ஆளைப் பயப்படுத்துகிறது. அங்கே அதற்கு ஒரு தனிப் பொருள் இருக்கிறது. மேன்முறையீட்டு நீதிபதிகள் மூன்று பேர் ஒரு வழக்கைத் தீர்த்ததும், இது இந்த இரண்டு தரப்புக்கு மட்டும் உரிய தீர்ப்பா, இனி வரப்போகிற எல்லா வழக்குக்கும் விதியாக நிற்க வேண்டிய தீர்ப்பா என்று அவர்களே முடிவெடுக்கிறார்கள். சட்டத்தில் புதிதாக ஒன்றைச் சொன்னால், இருக்கிற விதியை மாற்றினாலோ தெளிவாக்கினாலோ, எல்லாரும் மறந்துபோன ஒரு விதியை நினைவூட்டினால், பொதுமக்களுக்குப் பெரிய முக்கியத்துவம் உள்ள விஷயமாக இருந்தால் அது வெளியிடும் பக்கம் போகும். மற்றதெல்லாம் இந்தப் பக்கம். அமெரிக்காவின் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றங்களில் பத்துத் தீர்ப்பில் எட்டுக்கு மேல் இந்தப் பக்கம்தான் வருகின்றன. ஆகவே மகனுடைய தீர்ப்பை யாரும் ஒதுக்கி வைக்கவில்லை, பெரும்பாலான வழக்குகள் போகும் வழியில்தான் அதுவும் போயிருக்கிறது.

உங்கள் ஊர் வழக்கத்தில் சொல்கிறேன். பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் திகதி, விதைப்பு முடிக்கும் திகதி எல்லாம் பேசி எழுதினால் அது முழு வயற்கண்டத்துக்கும் விதி. ஆனால் உங்கள் வயலுக்கும் அடுத்த வயலுக்கும் இடையில் வாய்க்கால் தகராறு வந்து, தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை வரம்பில் நின்று "இன்றிரவு இவருக்கு, நாளை இரவு உங்களுக்கு" என்று சொன்னால் அது உங்கள் இரண்டு பேருக்கும்தான். கூட்டத்தின் அறிக்கையில் அது ஏறாது. அதற்காக அந்த இரவு உங்கள் வயலுக்குத் தண்ணீர் வராமல் போகிறதா? வரும். யாரும் மறிக்க ஏலாது. அதே மாதிரி இந்தத் தீர்ப்பு உங்கள் மகனையும் அமெரிக்க அரசாங்கத்தையும், வழக்கைத் திரும்ப விசாரிக்கப்போகிற குடிவரவு மேன்முறையீட்டுச் சபையையும் முழுதாகக் கட்டும். நாளைக்கு வேறொரு பிள்ளை இதே மாதிரி வழக்கோடு போனால், "அவருக்குக் கொடுத்தீர்கள், எனக்கும் தாருங்கள்" என்று இதை வைத்துக் கட்டாயப்படுத்த முடியாது. வித்தியாசம் அங்கேதான்.

ஏன் இப்படிப் பிரித்தார்கள் என்று கேட்டால், வழக்குகள் பெருகிவிட்டன. சட்ட அறிக்கைப் புத்தகங்கள் அலுமாரி அலுமாரியாக நிறைந்தன. 1964இல் அமெரிக்க நீதித்துறை மாநாடு என்ற நீதிபதிகள் சபை, பொதுவான முன்தீர்ப்புப் பெறுமதி உள்ளவற்றை மட்டும் வெளியிடச் சொன்னது. 1970களில் ஒவ்வொரு வட்டாரமும் தனக்கென்று விதிகள் வைத்துக்கொண்டது. அப்புறம் வெளியிடாத தீர்ப்பை இன்னொரு வழக்கில் எடுத்துக் காட்டவே கூடாது என்று பல இடங்களில் தடையும் வந்தது.

இப்படிப் பிரிப்பது சரியா என்பதைப் பற்றி ஒரு வழக்கு இருக்கிறது. ஃபே அனஸ்டாசாஃப் என்ற பெண் 6,436 டொலர் வருமான வரியைத் திருப்பிக் கேட்டார். 1996 ஏப்ரல் 13ஆம் திகதி தபாலில் போட்டார். கடைசி நாள் 15. வரி அலுவலகத்துக்குக் கடிதம் போய்ச் சேர்ந்தது 16. ஒரு நாள் பிந்தியதால் பணம் இல்லை என்றார்கள். தபாலில் போட்ட நாளைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அவர் வாதாடினார். அவருடைய வழக்கைக் கேட்ட எட்டாம் வட்டார நீதிமன்றம் 1992இல் இதே வாதத்தை நிராகரித்திருந்தது, ஆனால் அது வெளியிடாத தீர்ப்பு. அது முன்தீர்ப்பு இல்லைதானே, என்னை ஏன் கட்ட வேண்டும் என்று கேட்டார். 2000 ஓகஸ்டில் நீதிபதி ரிச்சர்ட் ஆர்னல்ட் தீர்ப்பு எழுதினார். ஒரு நீதிமன்றம் தான் நேற்றுச் சொன்னதை இன்றைக்கு இல்லாத மாதிரி விட்டுவிட அதிகாரம் கிடையாது, அப்படி விட இடம் தரும் விதி அரசியலமைப்புக்கே முரண் என்றார். பெண் தோற்றார். அப்புறம் அரசாங்கம் அவருடைய பணத்தைக் கொடுத்துவிட்டது, வழக்கில் தீர்க்க ஒன்றும் மிச்சமில்லை என்று அதே வருடம் டிசம்பரில் அந்த நீதிமன்றத்தின் நீதிபதிகள் எல்லாரும் சேர்ந்த முழு அமர்வு அந்தத் தீர்ப்பையே நீக்கியது. அடுத்த வருடம் ஒன்பதாம் வட்டாரம், உங்கள் மகனுடைய நீதிமன்றம்தான், நேர் எதிராகச் சொன்னது: எது விதியாக நிற்க வேண்டும் என்று தெரிந்தெடுப்பது நீதிபதிகளின் வேலையில் ஒரு பகுதி, எல்லாவற்றையும் விதியாக எழுதப் போனால் ஒன்றையும் ஒழுங்காக எழுத ஏலாது என்று. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் என் மனம் ஆர்னல்ட் சொன்னதோடுதான். காரணத்தை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

2007 ஜனவரி 1ஆம் திகதியிலிருந்து வந்த தீர்ப்பை, வெளியிடாதது என்ற ஒரே காரணத்துக்காக எடுத்துக் காட்டக் கூடாது என்று எந்தக் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றமும் தடுக்க முடியாது. இது அங்கே 32.1ஆம் விதி. ஆகவே இன்னொரு பிள்ளையின் சட்டத்தரணி உங்கள் மகனின் தீர்ப்பைக் காட்டி வாதாடலாம், நீதிபதிகள் ஏற்பதும் விடுவதும் அவர்கள் விருப்பம். இந்தத் தீர்ப்பு மற்றவர்களுக்கும் உதவ வேண்டும் என்று மகனின் சட்டத்தரணி நினைத்தால், தீர்ப்பு வந்து 60 நாளுக்குள் காரணத்தைச் சுருக்கமாக எழுதி, வெளியிடும்படி பதிவாளருக்குக் கடிதம் கொடுக்கலாம். நாளைக்கு இல்லையென்று சொல்வார்களா என்று கேட்டீர்கள். திரும்ப ஆராயும்படி கேட்க அரசாங்கத்துக்கு 45 நாள் இருக்கிறது. அந்தத் தவணை வெளியிட்ட தீர்ப்புக்கும் இதே 45 நாள்தான். மேலே எழுதிய சொல்லுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கடைசியாக ஒன்று, இதைக் கவனமாக வாசியுங்கள். ஒளித்து வைக்கிறார்களா என்று கேட்டீர்கள். இல்லை. வெளியிடாத தீர்ப்பும் நீதிமன்ற இணையத்தளத்தில் இருக்கும். 2002இல் வந்த ஒரு சட்டம் எழுத்தில் தரும் எல்லாத் தீர்ப்பையும் தேடி எடுக்கக்கூடிய விதமாகப் போடச் சொல்கிறது. 2001இலிருந்து 2021 வரை இந்த "வெளியிடாத" தீர்ப்புகளை ஒரு பதிப்பகம் தொகுதி தொகுதியாகப் புத்தகமாகவே போட்டது. ஆகவே மகனுடைய பெயரும், அவன் எதற்குப் பயந்து ஊரை விட்டுப் போனான் என்பதும் அங்கே யார் தேடினாலும் கிடைக்கலாம். உங்களுக்கு அதில் பயம் இருந்தால், பெயரை மறைக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்க வழி உண்டா என்று இன்றைக்கே மகனை அவனுடைய சட்டத்தரணியிடம் கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தை வட்ஸ்அப்பில் இனி ஒருவருக்கும் அனுப்ப வேண்டாம். எனக்கு வந்த பிரதியை நான் எரித்துவிடுகிறேன்.

கேள்வி: அப்பாவின் வளவில் அண்ணன் 22 வருடமாக இருக்கிறார். காணி உறுதியில் நாங்கள் நான்கு பேரும் சமபங்கு. இப்போது முழு வளவும் தனக்கே என்கிறார். எங்கள் சட்டத்தரணி மேன்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைக் காட்டுகிறார். அது எந்தப் புத்தகத்திலும் வராத தீர்ப்பு, எடுபடாது என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். உண்மையா?

– களுவாஞ்சிக்குடி வாசகி

பதில்: உண்மை இல்லை தங்கச்சி. அமெரிக்காவில் நீதிபதியே தீர்ப்பின் தலையில் முத்திரை குத்துகிறார். இந்தியாவிலும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் மேல் மூலையில் "ரிப்போர்ட்டபிள்" (அறிக்கையில் போடத்தக்கது), "நான் ரிப்போர்ட்டபிள்" (போடத் தேவையில்லாதது) என்று எழுதியிருக்கும். நம் நாட்டில் அந்த வழக்கம் இல்லை. தீர்ப்பு தீர்ப்புத்தான். சில தீர்ப்புகளைத் தொகுப்பாளர்கள் எடுத்துப் புத்தகத்தில் போடுகிறார்கள், பழைய காலத்தில் நியூ லோ ரிப்போர்ட்ஸ் என்ற என்.எல்.ஆர்., 1978க்குப் பிறகு ஸ்ரீலங்கா லோ ரிப்போர்ட்ஸ் என்ற எஸ்.எல்.ஆர். புத்தகத்தில் ஏறாதவற்றை நீதிமன்றக் குறிப்பேட்டுத் திகதியை வைத்துச் சொல்வார்கள். உங்கள் சட்டத்தரணியின் கடதாசியைப் பாருங்கள். வழக்கு எண், வருடம், அடைப்புக்குறிக்குள் ஒரு எழுத்து, பிறகு "சி.ஏ. மினிட்ஸ்", அதாவது மேன்முறையீட்டு நீதிமன்றக் குறிப்பேடு, என்று ஒரு திகதி. அதுதான் அந்தத் தீர்ப்பின் விலாசம். அந்த விலாசத்தோடு தீர்ப்பின் பிரதியையும் மன்றில் கொடுத்தால் நீதிபதி வாசிப்பார். மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதை மாவட்ட நீதிமன்றம் பின்பற்ற வேண்டும், அது தோல் அட்டைப் புத்தகத்தில் வந்ததா, ஸ்டேப்பிள் அடித்த கடதாசியில் வந்ததா என்பது பொருட்டே இல்லை.

உங்கள் விஷயத்தில் புத்தகத்திலேயே இருக்கிற தீர்ப்பும் உண்டு. 1911இல், அந்தக் காலத்தில் நமக்குக் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் தீர்த்த கொரேயா எதிர் அப்புஹாமி, என்.எல்.ஆர். 15ஆம் தொகுதி 65ஆம் பக்கம். ஒரு பங்காளி காணியில் இருப்பது மற்றப் பங்காளிகளுக்காகவும் இருப்பது போலத்தான், அவர்களை வெளிப்படையாக மறுத்து ஒதுக்கிய நாளிலிருந்துதான், காணி முழுதும் தனக்கே என்று கேட்கத் தேவையான பத்து வருடக் கணக்கு ஓடத் தொடங்கும் என்று அது சொல்கிறது. அண்ணன் பக்கம் 1918இல் வந்த திலகரத்ன எதிர் பஸ்தியன், 21ஆம் தொகுதி 12ஆம் பக்கம், எடுத்துக் காட்டுவார்கள். மிக நீண்ட காலமும் வேறு சூழ்நிலைகளும் சேர்ந்தால் அப்படி ஒதுக்கியது நடந்துவிட்டதாக ஊகிக்கலாம் என்று அதில் இருக்கிறது. உங்கள் வழக்கு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கும். தேங்காய் பறித்தபோது உங்களுக்குப் பங்கு தந்தாரா, வரியை யார் கட்டினார், நீங்கள் திருவிழாவுக்கு வந்து அந்த வீட்டில் தங்கினீர்களா, வேலியை எப்போது மதிலாக்கினார் என்பதெல்லாம் முக்கியம். எல்லாவற்றையும் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

என் மனம் ஏன் ஆர்னல்ட் பக்கம் என்று சொன்னேன் அல்லவா. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பெரிய சட்டத்தரணியின் அறையில் பழைய பிஸ்கட் தகரம் ஒன்று இருந்தது. அதற்குள் புத்தகத்தில் வராத தீர்ப்புகள், வருட வரிசையில், ஓரம் மஞ்சளாகி, நைலோன் நூல் கட்டி. கொழும்புக்குப் போகும்போதெல்லாம் பிரதி எடுத்து வந்து சேர்த்தது. நல்ல உழைப்பு, அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒரு காணி வழக்கில் அவர் தகரத்திலிருந்து ஒரு தீர்ப்பை எடுத்துக் கொடுத்தார். மறுபக்கம் முதல் வருடச் சட்டத்தரணி ஒரு பிள்ளை. அந்தத் தீர்ப்பைப் பற்றி அவர் கேள்விப்பட்டதே இல்லை. அதற்கு எதிரான இன்னொரு தீர்ப்பு இருக்கிறதா என்று தேட அவருக்கு இடமும் இல்லை, தகரமும் இல்லை. அவர் கை நடுங்கிக்கொண்டே அந்தப் பிரதியைப் புரட்டியதை நான் சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவருடைய கட்சிக்காரர், ஒரு மீன்பிடிகாரர், என்ன நடக்கிறது என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தார். சட்டம் ஒருவருடைய அலுமாரியில் இருக்கக் கூடாது. இன்றைக்கு மேன்முறையீட்டு நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் தீர்ப்புகளை இணையத்தளத்தில் போடுகின்றன. அந்தப் பிள்ளை இன்று போனிலேயே தேடியிருப்பார். மாகாண மேல் நீதிமன்றங்களின் மேன்முறையீட்டுத் தீர்ப்புகள் அப்படி எளிதில் கைக்கு வருவதில்லை. நம் காணி வழக்குகளின் முதல் மேன்முறையீடு 2006ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அங்கேதானே போகிறது. அவையும் ஒழுங்காகப் போடப்பட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கேள்வி: வெளியிடாத தீர்ப்பை எடுத்துக் காட்டுவதில் நாட்டுக்கு நாடு வித்தியாசம் உண்டா? படிப்புக்காகக் கேட்கிறேன்.

– சட்ட மாணவன், அக்கரைப்பற்று

பதில்: உண்டு தம்பி. ஒரே நாட்டுக்குள்ளேயே உண்டு. கலிபோர்னியாவில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் காட்டலாம், அதே ஊரிலுள்ள மாநில நீதிமன்றத்தில் மாநில மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் வெளியிடாத தீர்ப்பைக் காட்டத் தடை, 8.1115ஆம் விதி. வெளியிட்ட தீர்ப்பைக்கூட "வெளியிடாதது" ஆக்கிவிட அந்த மாநில உச்ச நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். இங்கிலாந்தில் 1983இல் ரொபர்ட்ஸ் பெட்ரோலியம் வழக்கில், அப்போது அங்கே அதியுயர் மேன்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, அறிக்கையில் வராத மேன்முறையீட்டுத் தீர்ப்புகளை மூட்டையாகக் கொண்டுவர வேண்டாம், வேறெங்கும் இல்லாத ஒரு கோட்பாடு அதில் இருந்தால் மட்டும் கொண்டுவாருங்கள் என்றது. நீங்கள் பரீட்சைக்கு எழுதும்போது இரண்டு கேள்வியைக் குழப்ப வேண்டாம். எடுத்துக் காட்டலாமா என்பது ஒன்று, அது நீதிமன்றத்தைக் கட்டுமா என்பது வேறு.

கேள்வி: கொழும்பில் எங்கள் மேன்முறையீடு முடிந்துவிட்டது. தீர்ப்பு 14 பக்கம், முழுதும் இங்கிலீசில். தோற்றோமா வென்றோமா என்பதே சட்டத்தரணி சொல்லித்தான் தெரியும். தமிழில் கேட்கலாமா?

– ஆரையம்பதி வாசகர்

பதில்: கேட்கலாம். கேட்க வேண்டும். நம் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, 1988இல் 16ஆம் திருத்தத்தால் வந்த வடிவத்தில், நீதிமன்றத்தில் பாவிக்கும் மொழி தெரியாத தரப்பாருக்கு அரசாங்கமே உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் தர வேண்டும் என்கிறது. சட்டப்படி நீங்கள் பெறக்கூடிய பதிவேட்டின் பகுதியை, அல்லது அதன் மொழிபெயர்ப்பை, சிங்களத்திலோ தமிழிலோ பெறும் உரிமையும் அங்கேயே எழுதியிருக்கிறது. சட்டத்தரணி மூலமாக, வழக்கு எண்ணையும் தீர்ப்புத் திகதியையும் எழுதி, பதிவாளருக்கு விண்ணப்பம் கொடுங்கள். சான்றுப்படுத்திய பிரதி என்று தெளிவாக எழுதுங்கள். காலம் எடுக்கும். அதுவரைக்கும் காத்திருந்து மேலே போகும் தவணையைத் தவறவிட்டுவிடாதீர்கள், அதைச் சட்டத்தரணியிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வேலையைத்தான் நான் வாழ்நாள் முழுதும் செய்தேன், பெரும்பாலும் மறுபக்கமாக. இங்கே தமிழில் நடந்த விசாரணை மேலே போகும்போது அதை இங்கிலீசாக்கிக் கொடுப்பது. "வளவு" என்ற சொல்லுக்கே ஒரு மத்தியானம் போனது உண்டு. தோட்டம் என்றால் வீடு வராது, வீடு என்றால் கிணறும் தென்னையும் வராது. கடைசியில் மூன்றையும் பிரித்து எழுதினேன், சாட்சி சொன்ன அம்மாவின் மனதில் இருந்தது அதுதான் என்பதால்.

அந்த அம்மாவின் மேன்முறையீட்டுத் தீர்ப்பு வந்தபோது, அவர் படகில் வாவியைக் கடந்து நீதிமன்றத்துக்கு வந்தார். மரத்தடி வாங்கில் இருத்தி, நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டார். ஒன்பது பக்கம். அந்தத் தீர்ப்பு எந்தப் புத்தகத்திலும் வரவில்லை, வரப்போவதும் இல்லை. ஆறாம் பக்கத்தில் அவர் சாட்சியத்தை நம்புவதாக நீதிபதி எழுதிய ஒரு வரி இருந்தது. "அதத் திரும்பச் சொல்லு மனே" என்றார். சொன்னேன். இன்னொரு தரம் கேட்டார். மூன்றாம் தரம் சொல்லி முடித்ததும், அந்த வரி எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லி, வெற்றிலைக் கறை படிந்த விரலை அதன் மேல் வைத்தார். வழக்கை அவர் தோற்றிருந்தார். பிரதியை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு படகுக்குப் போனார்.